முட்டையின் சாளரம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆர்.கே.பேட்டை. தறியோசை கேட்கும் தெருக்களையும் அவற்றைச் சூழ்ந்த வேளாண் சிற்றூர்களையும் கொண்ட பகுதி அது. தமிழகத்தின் பிற சிற்றூர்களைப் போலவே இங்கும் வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழிகள் மேய்வது அன்றாடக் காட்சி. அவற்றுக்குத் தனித்தீவனமோ கொட்டகையோ கிடையாது. சிந்திய தானியத்தைப் பொறுக்கி வளரும். ஆயினும், கைப்பொருள் இல்லாத வாரத்தில் ஒரு சேவலின் விலை அந்த வீட்டின் அரிசிச் செலவைத் தாங்கும்.

பனி குறைந்து வெயில் ஏறத் தொடங்கும் நாள்களில் இக்கோழிகளை ஒரு நோய் தாக்குவதுண்டு. முதல்நாள் மாலை பஞ்சாரத்தில் நலமாக அடைந்த கோழி, மறுநாள் இரை எடுக்காமல் சிறகைத் தொங்கவிட்டு உறங்கி விழும். கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து மூச்சுக்குத் திணறும். தொண்டையில் கரகரப்பு எழும். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டும் கழுத்து முறுக்கிக்கொண்டோ, காலும் சிறகும் செயலிழந்தோ நிற்கும். ஒரு வாரத்திற்குள் தெரு முழுவதும் கோழிகளின் குரல் அடங்கிவிடுவதும் உண்டு.

மக்கள் இதனை வெள்ளைக் கழிச்சல் என்பர். கால்நடை மருத்துவர்கள் இராணிக்கெட் நோய் என்பர். உலக நூல்கள் நியூகாசில் நோய் எனக் குறிக்கும். கழிச்சல் என்று பெயர் பெற்றிருப்பினும், மூச்சு உறுப்புகளையும் நரம்புகளையும் ஒருசேரத் தாக்கி, மூச்சுக்காற்றின் வழியாகவும் எச்சத்தின் வழியாகவும் பரவும் வைரஸ் நோய் இது. கோழியின் இந்நோயையும் இதைப் போன்ற பிற நோய்களையும் ஆராய, கோழி இடும் முட்டையையே ஆய்வுக் கலமாக்கிக் கொண்டவர்களுள் முதன்மையானவர் ஒருவர் உண்டு. அவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஃபிராங்க் மெக்ஃபர்லேன் பர்னெட்.

வண்டுகளைத் தேடிய சிறுவன்

பர்னெட் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள டிரரல்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர், வங்கி மேலாளர். குடும்பத்தில் ஏழு பிள்ளைகள், பர்னெட் இரண்டாமவர். மூத்தவளாகிய டோரிஸ் மனவளர்ச்சி குன்றியவளாக இருந்தாள். அவளைப் பேணுவதிலேயே தாயின் பொழுது கழிந்தது. அக்காலத்து மக்களின் பேச்சுக்கு அஞ்சி, பிள்ளைகள் தம் தோழர்களை வீட்டிற்கு அழைத்து வருவதையும் பெற்றோர் விரும்பவில்லை. தந்தையிடமும் நெருக்கம் இல்லை. ஆகவே, பர்னெட்டின் இளமை பெரும்பாலும் தனிமையில் கழிந்தது.

அத்தனிமையை அவர் புல்வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் கழித்தார். குடும்பம் டெராங் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தபின் வண்டுகளைத் தேடிச் சேர்ப்பது அவருக்குப் பெருவிருப்பமாயிற்று. வண்டைப் பிடித்துப் பெட்டியில் அடைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ஒன்றைப் போலத் தோன்றும் இரண்டு வண்டுகள் எவ்விடத்தில் வேறுபடுகின்றன என உற்று நோக்கினார், வரைந்தார், குறித்து வைத்தார். டார்வினின் எழுத்துகளை விரும்பிப் படித்தார். பின்னாளில் அவர் செய்த ஆய்வுகளுள் பலவும் ஒருவகையில் இந்தப் பழக்கத்தின் நீட்சியாகவே தோன்றுகின்றன.

உதவித்தொகை பெற்று ஜீலாங் கல்லூரியில் பள்ளிப்படிப்பை முடித்த அவர், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1922ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். நரம்பியல் மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆனால், கூச்ச இயல்புடைய அவருக்கு நோயாளிகளோடு பழகும் பணியைவிட ஆய்வகப் பணியே பொருந்தும் என மருத்துவமனையின் மூத்தோர் கருதினர். அவர்களின் அறிவுரைப்படி அவர் நோய்க்குறியியல் துறைக்கு மாறினார். விரும்பிய கதவு மூடப்பட்டது அன்று அவருக்கு வருத்தமாகவே இருந்திருக்கும்.

மெல்போர்னிலுள்ள வால்டர் எலிசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த அவர், இடையில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்திற்குச் சென்று, பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். 1928ஆம் ஆண்டில் லிண்டா துரூஸ் என்னும் ஆசிரியையை மணந்தார்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபர்க் நகரில் ஒரு துயரம் நிகழ்ந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளுள் 12 பேர் உயிரிழந்தனர். நாடு அதிர்ந்தது. அதனை ஆராய்ந்த குழுவின் நுண்ணுயிரியல் பணியில் பர்னெட்டுக்கும் பங்கிருந்தது. மருந்துக் குப்பியில் கிருமிக்கொல்லி சேர்க்கப்படாததால் சீழ் உண்டாக்கும் பாக்டீரியா அதில் பெருகிவிட்டது என்பது தெரிய வந்தது. மருந்தின் கோட்பாடு சரியாக இருந்தும், அதை அடைத்த குப்பியில் நேர்ந்த பிழை உயிர்களைப் பறித்தது. இருபத்தெட்டு வயது ஆய்வாளர் ஒருவருக்கு இது எளிதில் மறக்கக்கூடிய நிகழ்ச்சி அன்று.

பல ஊர்களில் ஒரே நோய்

பர்னெட் தம் ஆய்வுப்பணியில் காலூன்றிய அதே ஆண்டுகளில் கோழிகளிடையே புதிய கொள்ளைநோய் ஒன்று உலகின் பல மூலைகளில் தலைகாட்டியது. 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரை அடுத்த பண்ணையிலும் அது காணப்பட்டது. நியூகாசிலில் கண்ட நோயை ஆராய்ந்து டாயில் என்பவர் 1927இல் விரிவாக எழுதினார். மறு ஆண்டில் இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில், இராணிக்கெட் என்னும் ஊரில் கோழிகள் மடிந்தன. முக்தேசுவர் கால்நடை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எட்வர்ட்ஸ் அதனைப் பதிவு செய்தார். இந்தியாவில் அந்நோய்க்கு அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. சென்னை மாகாணத்திலும் கோழிகள் இறந்தன. மதராஸ் கோழிக் கொள்ளைநோய் என்ற பெயரில் அதனைப் பற்றிக் கைலாசமையர் 1931இல் இந்தியக் கால்நடை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் ஊரின் பெயரைச் சூட்டினர். இவை அனைத்தும் ஒரே நோய் என்பது பின்னரே தெளிவாயிற்று.

சிக்கல் அதோடு தீரவில்லை. இத்தாலியில் 1878ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்ட வேறொரு கோழிக் கொள்ளைநோயும் உண்டு. இன்று பறவைக் காய்ச்சல் என நாம் அறிவது அதையே. மூச்சுத்திணறல், சோர்வு, திடீர் மரணம் என இரண்டு நோய்களின் அறிகுறிகளும் பெரிதும் ஒத்திருந்தன. இறந்த கோழியை வைத்து இது எந்த நோய் எனச் சொல்வது மருத்துவருக்கே கடினம். ஒரு நோயிலிருந்து மீண்ட கோழியை மற்றதன் வைரஸ் கொன்றுவிடுவதைக் கண்டு, இரண்டும் வேறு என டாயில் காட்டியிருந்தார். ஆனால், அவ்வாறு சோதிக்க ஒவ்வொரு முறையும் கோழிகளைத் தனித்தனியே வளர்த்து, நோயூட்டி, காத்திருக்க வேண்டும். வைரஸோ, பாக்டீரியாவைப் போலக் கண்ணாடித் தட்டில் ஊற்றிய ஊட்டக்கூழில் வளர்வதில்லை. உயிருள்ள அணுவுக்குள் புகுந்தால்தான் அது பெருகும். ஒளி நுண்ணோக்கிக்கும் பெரும்பாலான வைரஸ்கள் அகப்படுவதில்லை.

ஓட்டில் வெட்டிய சாளரம்

1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் குட்பாஸ்ச்சர் என்னும் நோய்க்குறியியல் அறிஞரும் ஆலிஸ் உட்ரஃபும் ஒரு வழி கண்டனர். கோழி அம்மை வைரஸை அவர்கள் அடைவைத்த முட்டைக்குள் செலுத்தி வளர்த்துக் காட்டினர். அடைமுட்டை என்பது ஓடு போர்த்திய ஓர் உயிர். புறக்கிருமிகளை ஓடு தடுக்கிறது; உணவும் நீரும் உள்ளேயே உள்ளன; வைரஸ் விரும்பும் இளம் அணுக்கள் அங்கே நாள்தோறும் பெருகுகின்றன. அக்காலக் கருவுக்கு எதிர்ப்பாற்றலும் இல்லை. விலையோ மிகக் குறைவு.

1932ஆம் ஆண்டில் பர்னெட் மீண்டும் லண்டன் சென்று, ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியேற்றார். அங்கே இம்முறையைக் கையிலெடுத்தார். கண்டுபிடித்தவர் அவர் அல்லர். ஆனால் அதை யாவரும் செய்யத்தக்க, எண்ணிக் கணக்கிடத்தக்க முறையாகச் செப்பமாக்கியவர் அவரே.

செய்முறை தச்சனின் கைத்திறனையும் தாதியின் பொறுமையையும் வேண்டுவது. பத்து நாள் அளவில் அடையிலிருந்த முட்டையை இருட்டறையில் விளக்கொளிமுன் பிடித்தால், செந்நிற நரம்புக் கொடிகளும் அசையும் கருவும் ஓட்டின் ஊடே நிழலாகத் தெரியும். கூமுட்டையானால் ஒன்றும் அசையாது; அதனை விலக்கிவிட வேண்டும். நல்ல முட்டையின் ஓட்டைக் கருவுக்கு ஊறு நேராமல் அறுத்துச் சிறு சாளரம் ஒன்று வெட்ட வேண்டும். ஓட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு கீழே தாழ்ந்து இடம் விடும்படி செய்து, அதன்மேல் வைரஸ் கலந்த நீரைச் சொட்டாக இட வேண்டும். பிறகு சாளரத்தை மூடி மெழுகிட்டு முட்டையை வெப்பப்பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்தால், கண்ணாடி போன்றிருந்த சவ்வில் வெண்புள்ளிகள் தோன்றியிருக்கும். ஒரு வைரஸ் துகள் விழுந்த இடத்தில் ஒரு புள்ளி. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை விரல்விட்டு எண்ண முடிந்தது.

கொள்ளைநோய் வைரஸையும் நியூகாசில் வைரஸையும் ஃபெரி என்பவருடன் சேர்ந்து பர்னெட் முட்டைச் சவ்வில் வளர்த்தார். ஒரே ஓடைக்கரையில் பிடித்த இரண்டு வண்டுகளைப் பிரித்தறிவது போல, இரண்டையும் அம்முறையாலேயே பிரித்துக் காட்டினார். அவ்வாய்வு 1934ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில், கோழியின் குரல்வளையையும் மூச்சுக்குழலையும் தாக்கி இரத்தம் கலந்த சளியைக் கக்க வைக்கும் மற்றொரு தொற்றுநோயின் வைரஸையும் அவர் முட்டையில் வளர்த்தார். அந்நோயிலிருந்து மீண்ட கோழியின் ஊநீரை வைரஸோடு கலந்து சவ்வில் இட்டபோது வெண்புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்தது. கோழி பெற்ற நோய் எதிர்ப்பாற்றலை எண்ணால் அளக்க இதனால் வழி பிறந்தது. முட்டையைக் கொண்டு வைரஸ்களை ஆராயும் முறைகளைத் தொகுத்து அவர் எழுதிய அறிக்கை 1936இல் வெளியாகிப் பல நாட்டு ஆய்வகங்களுக்கும் கைந்நூலாக அமைந்தது.

கோழியிலிருந்து மனிதனுக்கு

பர்னெட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்தபோது, 1933இல், அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் மனித இன்ஃபுளுயன்சா வைரஸை ஃபெரட் என்னும் விலங்கின் உதவியால் பிரித்தெடுத்தனர். 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் உலகெங்கும் பல கோடி மக்கள் மாண்டிருந்தனர். இந்தியாவின் இழப்பே அவற்றுள் மிகப் பெரிது. அக்காய்ச்சல் மீண்டும் வரும் என்ற அச்சம் மருத்துவ உலகை விட்டு நீங்கவில்லை.

மெல்போர்ன் திரும்பிய பர்னெட், கோழிநோய்களில் தேர்ந்த கையோடு இன்ஃபுளுயன்சா வைரஸையும் முட்டைக்குள் செலுத்தினார். முதலில் சவ்வின் மேல் வளர்த்தார். 1940ஆம் ஆண்டில், நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸை, கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடத்து நீரில் நேரே வளர்க்கும் முறையைக் கண்டார். முட்டையினுள் உள்ள மற்றொரு நீர்ப்பையில் அதனைப் பெருமளவில் பெருக்க இயலும் என்பதும் அடுத்து விளங்கியது. இன்றும் உலகில் உருவாகும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசிகளில் பெரும்பங்கு அடைமுட்டைகளிலிருந்தே கிடைக்கிறது.

1941இல் ஹர்ஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர், இன்ஃபுளுயன்சா வைரஸ் உள்ள முட்டைநீர் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார். அடுத்த ஆண்டே பர்னெட், நியூகாசில் வைரஸும் அவ்வாறே செய்வதைக் காட்டினார். கோழிப்பண்ணையில் தடுப்பூசி பலன் தந்துள்ளதா என அறிய இன்றும் கையாளப்படும் இரத்தச் சோதனை இந்தப் பண்பை அடிப்படையாகக் கொண்டதே. இதைக்கொண்டு அவர் நியூகாசில் வைரஸை இன்ஃபுளுயன்சாவுக்கு உறவான ஒன்றாகக் கருதினார். காலம் இக்கணக்கைத் திருத்தியது. அவர் பிரித்து நிறுத்திய பழைய கொள்ளைநோய் வைரஸே இன்ஃபுளுயன்சா இனத்தது என ஷேஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1955இல் மெய்ப்பித்தார். நியூகாசில் வைரஸ் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி வைரஸ்களுக்கு நெருங்கிய வேறொரு குடும்பத்தில் வைக்கப்பட்டது.

அக்கால ஆய்வகங்களில் இன்றைய காப்பு ஏற்பாடுகள் இல்லை. நியூகாசில் வைரஸைக் கையாண்ட ஆய்வகப் பணியாளர் ஒருவருக்குக் கண் சிவந்து வீங்கியது. அக்கண்ணிலிருந்தே அந்த வைரஸ் கிடைத்தது. கோழியின் இந்நோய் மனிதரைத் தொற்றும் என்பதை 1943இல் பர்னெட் பதிவு செய்தார். நல்வேளையாக, மனிதருக்கு அது சில நாள்களில் ஆறிப்போகும் கண்நோயாகவே அமைகிறது.

தோற்றதும் வென்றதும்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. படைமுகாம்களில் 1918ஆம் ஆண்டின் அவலம் மீண்டும் நேரக்கூடும் எனப் பர்னெட் அஞ்சினார். முட்டையில் மீண்டும் மீண்டும் வளர்த்தால் வைரஸின் வீரியம் தணியும். அவ்வாறு தணிந்த உயிருள்ள வைரஸை மூக்கில் தெளித்தால் உடல் எதிர்ப்பாற்றல் பெறும் என அவர் நம்பினார். 1942இல் ஆஸ்திரேலியப் படையினரிடையே பெரிய அளவில் சோதனை நடைபெற்றது. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. பண்டபர்க்கை அறிந்தவர் ஆதலால் அவர் முன்னெச்சரிக்கைகளில் குறை வைக்கவில்லை. தீங்கு எதுவும் நேரவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

மனிதரிடம் கைகூடாத அதே கருத்து, கோழிகளிடம் கைகூடியது. அதைச் செய்தவர் பர்னெட் அல்லர். 1940களில் முக்தேசுவரில் ஹேடோ, இத்னானி என்னும் இருவரும் இராணிக்கெட் வைரஸை அடைமுட்டைகளில் தலைமுறை தலைமுறையாக மாற்றி மாற்றி வளர்த்தனர். வளர்ந்த கோழியைக் கொல்லாத, ஆயினும் நீண்ட காலம் காக்கும் ஒரு வைரஸ் வகை அவர்களுக்குக் கிடைத்தது. முக்தேசுவரின் பெயர் தாங்கிய அவ்வகை இந்தியாவிலும் பிற ஆசிய நாடுகளிலும் பரவலாகப் பயன்படலாயிற்று. இளங்குஞ்சுகளுக்கு அது கடுமையானது என்பதால், அவற்றுக்கு வீரியம் இன்னும் குறைந்த வேறு வகைகள் பின்னர் வந்தன.

தமிழ்நாட்டில் இப்பணிக்குரிய இடம் இராணிப்பேட்டை. மாட்டம்மை எனப்பட்ட வெக்கை நோய்க்கு ஊநீர் தயாரிப்பதற்காக 1932ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பட்ட நிலையம், இன்று கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக விளங்குகிறது. ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் வழியே சென்றால் எளிதில் அடையக்கூடிய தொலைவில் உள்ள ஊர் அது. அங்கும் கோழித் தடுப்பூசி உருவாவது அடைமுட்டைக்குள்தான். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இருவாரக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் ஊர்தோறும் நடைபெறுகின்றன. வெயில் காலத்திற்கு முன்பே நடத்துவதற்குக் காரணம் உண்டு: நோய் கண்ட பின் ஊசியிட்டுப் பயனில்லை, இதற்கு மருந்தும் இல்லை. குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் கடந்த கோழிக்கு இறக்கையின் தோலடியில் ஓர் ஊசி. மருந்து பனிக்கட்டியோடு வர வேண்டும். கரைத்த மருந்தைச் சில மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும். கோழிகள் பஞ்சாரத்தை விட்டு மேயப் போகும்முன் விடியலிலேயே ஊசியிடுவோர் தெருவுக்கு வந்துவிடுவது நல்லது. போனபின் ஒன்றையும் பிடிக்க முடியாது.

மெல்போர்னில் நிலைத்தவர்

1944இல் பர்னெட் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றினார். அங்கேயே பேராசிரியர் பதவியும் அவருக்கு வழங்க முன்வந்தனர். பொருளும் புகழும் கருவிகளும் அங்கே மிகுதி. அவர் ஏற்கவில்லை. தம் நாட்டிலேயே உலகத் தரத்து ஆய்வு நடைபெற முடியும் எனக் கருதி மெல்போர்னுக்குத் திரும்பினார். அவ்வாண்டே ஹால் நிறுவனத்தின் இயக்குநரானார். 1965வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1951ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று அவரது துணிவைக் காட்டும். பயிர்களை அழித்த காட்டு முயல்களை ஒழிக்க ஆஸ்திரேலியாவில் முயல்நோய் வைரஸ் ஒன்று பரப்பப்பட்டிருந்தது. அதே காலத்தில் முர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மக்களிடையே மூளைக்காய்ச்சல் கண்டது. முயல் வைரஸே காரணம் என மக்கள் கொதித்தனர். பர்னெட்டும் ஃபென்னர், குளூனிஸ் ராஸ் என்னும் இருவரும் அந்த முயல் வைரஸைத் தம் உடலிலேயே ஊசிவழி செலுத்திக்கொண்டனர். மூவருக்கும் ஒன்றும் நேரவில்லை. மக்களின் அச்சம் தணிந்தது.

ஆயினும், அவர் வாழ்வில் கறை படிந்த பக்கமும் ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறைக்கு மறைவாக அளித்த ஆலோசனைகளில், மக்கள்தொகை மிகுந்த தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு எதிராகப் பயன்படத்தக்க, பயிரையும் மக்களையும் தாக்கும் நோய்க்கிருமி ஆயுதங்களை உருவாக்கலாம் என அவர் பரிந்துரைத்தார். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே அச்செய்தி வெளியுலகிற்குத் தெரிய வந்தது. போர்க்காலத்து அச்சத்தை இதற்குக் காரணமாகச் சொல்வோர் உண்டு. முட்டையின் சவ்வில் ஒவ்வொரு புள்ளியையும் பொறுமையாக எண்ணிய ஒருவர், கடலுக்கு அப்பால் வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களை வெறும் எண்ணிக்கையாக மட்டுமே நோக்கினார் என்பது வருத்தத்திற்குரியது. அவர் புகழை எழுதுவோர் இதனை விடுத்து எழுதுவது முறையாகாது.

தன் உடலும் பிற உடலும்

வைரஸ்களை ஆராய்ந்த பர்னெட்டின் மனத்தில் ஒரு வினா நெடுநாள் இருந்தது. உடல் அயற்பொருளை எதிர்க்கிறது, தன்னை எதிர்ப்பதில்லை. எது தன்னுடையது, எது பிறருடையது என்பதை அது எப்போது, எவ்வாறு கற்கிறது? அடைமுட்டையிலுள்ள கரு எதிர்ப்பாற்றல் காட்டாததை அவர் ஆயிரமாயிரம் முறை கண்டவர். கருப்பருவத்திலேயே உடல் இப்பாடத்தைக் கற்றுவிடுகிறது; அப்போது அயற்பொருள் ஒன்று உள்ளே புகுந்தால் அதையும் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும் என அவர் 1949இல் ஃபென்னருடன் சேர்ந்து எழுதிய நூலில் கூறினார். அதை மெய்ப்பிக்க முட்டைக் கருக்களில் இன்ஃபுளுயன்சா வைரஸைச் செலுத்திப் பார்த்தார். குஞ்சுகள் பொரிந்து வளர்ந்தபின் அவ்வைரஸை எதிர்க்கவே செய்தன. சோதனை தோற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் பீட்டர் மெடவர் சுண்டெலிகளைக் கொண்டு அதனை மெய்ப்பித்தார். 1960ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. உடலுறுப்பு மாற்று மருத்துவத்தின் கோட்பாட்டு அடிப்படைகளுள் ஒன்று இது.

எனினும், பர்னெட் தம் தலையாய பணியாகக் கருதியது வேறொன்று. அது 1957இல் ஆஸ்திரேலிய அறிவியல் இதழ் ஒன்றில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை. நோய்க்கிருமி வந்தபின் அதற்கேற்ற எதிர்ப்பொருளை உடல் வார்த்தெடுக்கிறது என அதுவரை பலரும் எண்ணினர். அவ்வாறன்று, பல்வேறு எதிர்ப்பொருள்களுக்குரிய அணுக்கள் உடலில் முன்பே உள்ளன, வந்த கிருமிக்குப் பொருந்தும் அணு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தன் வழித்தோன்றல்களைப் பெருக்குகிறது என்றார் அவர். இறக்கையில் இடும் ஓர் ஊசி கோழியை ஏன் காக்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம். அடுத்த ஆண்டே, அவர் மாணவர் நோசலும் லெடர்பெர்கும் ஓர் அணு ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் உண்டாக்குகிறது எனக் காட்டியபோது அக்கருத்து வலுப்பெற்றது.

இக்கருத்தில் உறுதி கொண்டதும், தாம் உலகப்புகழ் பெறச் செய்த வைரஸ் ஆய்வைக் கைவிட்டு, நிறுவனம் முழுவதையும் நோய் எதிர்ப்பியல் துறைக்குத் திருப்பினார். உடன் பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் சிலர் மனம் வருந்தி விலகினர். முட்டைக்கு மாற்றாக வந்த அணு வளர்ப்பு முறையை அவர் விரைந்து வரவேற்கவில்லை. மூலக்கூற்று உயிரியலால் மருத்துவத்திற்குப் பெரும்பயன் விளையும் என்றும் அவர் நம்பவில்லை. அவ்விரண்டிலும் அவர் கணிப்பு பொய்த்தது.

1973ஆம் ஆண்டில் மனைவி லிண்டா இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அத்துயரைக் கடக்க அவர் மீண்டும் வண்டுகளைச் சேகரிக்கவும் இடைவிடாது எழுதவும் தலைப்பட்டார். 1976இல் ஹேசல் ஜென்கின் என்பவரை மணந்தார். புற்றுநோய் கண்டு, 1985ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், போர்ட் ஃபேரி என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அவ்வூருக்கு அண்மையிலுள்ள டவர் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். சிறுவயதில் அவர் வண்டுகளைத் தேடித் திரிந்த டெராங்கும் அதே மேற்கு விக்டோரியாவில்தான் உள்ளது.